கடல் கடந்த பந்தி

1909 அக்டோபர் 24. லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சமையலறை. அன்று விஜயதசமி. இரவு விருந்துக்கு இந்திய மாணவர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள், சமையலும் அவர்களே. ஸ்ரீரங்கத்திலிருந்து மருத்துவம் படிக்கப் போயிருந்த டி.எஸ்.எஸ். ராஜனும் அந்தச் சமையல் கோஷ்டியில் ஒருவர். வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது ஒல்லியான ஒரு மனிதர் உள்ளே வந்தார். பாத்திரம் கழுவினார், காய்கறி சுத்தம் செய்தார், இடுப்பு ஒடிய எல்லோருடனும் சேர்ந்து உழைத்தார். யாரோ ஒத்தாசைக்கு வந்தவர் என்று பிள்ளைகள் விட்டுவிட்டார்கள். பிறகு அங்கே வந்த வ.வே.சு. ஐயர் அடையாளம் காட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. அன்றைய விருந்துக்குத் தலைமை தாங்க வந்திருந்த மோகன்தாஸ் காந்தி அவர்.

ராஜன் பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதியிருக்கிறார். சர்ச்சைக்குரிய அரசியலைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் காந்தி வர ஒப்புக்கொண்டிருந்தார். மேடையில் அவரும் பேசினார், புரட்சிக்காரரான சாவர்க்கரும் பேசினார். இருவரும் எடுத்துக்கொண்டது ராமாயணத்தை. ராமனின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருவரும் எதிரெதிர்த் திசையில் இந்தியாவை இழுத்தார்கள். அடுத்த மாதம் கப்பலில் திரும்பும்போது காந்தி பத்தே நாளில் 'இந்திய சுயராஜ்யம்' நூலை எழுதி முடித்தார். லண்டனில் அவர் சந்தித்த இளைஞர்களுக்குச் சொன்ன பதில்தான் அந்த நூல் என்று வாசிப்பவர்கள் உண்டு.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒரு நாட்டுக்காரர்கள், ஒரு மொழிக்காரர்கள் கூடி நடத்தும் மாணவர் சங்கங்களின் வரலாற்றைப் புரட்டினால், பெரும்பாலும் இப்படி ஓர் அடுப்பில்தான் போய் நிற்கும். தீர்மானம், கொடி, மேடைப் பேச்சு எல்லாம் பின்னால் வருபவை. முதலில் நாக்கு செத்துப் போகிறது. பிறகுதான் நாடு நினைவுக்கு வருகிறது.

1891ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டுதான் கேம்பிரிட்ஜில் இந்திய மாணவர்கள் 'மஜ்லிஸ்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் வார்சாவிலிருந்து ரயிலேறி மரியா ஸ்க்லொடோவ்ஸ்கா என்ற இளம்பெண் பாரிஸ் வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் மேரி கியூரி என்று உலகம் அறிந்தவர். அன்றைக்கு போலந்து என்றொரு நாடு வரைபடத்திலேயே கிடையாது; ரஷ்யா, பிரஷியா, ஆஸ்திரியா மூன்றும் கூறுபோட்டு எடுத்துக்கொண்டிருந்தன. பாரிஸில் படித்த போலந்து மாணவர்களோ தங்களுக்கென்று ஒரு குட்டி போலந்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். மரியாவின் அக்கா வீட்டில் தேநீரும் கேக்கும் பியானோவுமாக அவர்கள் கூடுவார்கள். பியானோ வாசித்தவர்களில் பாடெரெவ்ஸ்கியும் உண்டு. பின்னாளில், 1919இல், விடுதலை பெற்ற போலந்தின் பிரதமரானவர் அவர்.

அப்படி ஒரு மாலை நிகழ்ச்சியில் விலங்குகளை உடைத்தெறியும் போலந்துத் தாயாக மேடையில் நின்றார் மரியா. செய்தி வார்சாவுக்குப் போனதும் அப்பாவிடமிருந்து கவலையோடு கடிதம் வந்தது. பாரிஸில் போலந்துக்காரர்களைக் கண்காணிக்க ஆட்கள் இருக்கிறார்கள், இந்த மாதிரிக் காரியங்களில் முன்னே நிற்காதே, நாளைக்கு ஊரில் வேலை கிடைப்பதற்கே இடைஞ்சலாகும் என்பது கடிதத்தின் சாரம். பெண்ணை வெளியூர் அனுப்பிய எந்த அப்பாவும் எழுதக்கூடிய கடிதம்தான். மரியா சில காலத்தில் கூட்டங்களைக் குறைத்துக்கொண்டு, லத்தீன் குவார்ட்டர் பகுதியில் தனியறை எடுத்துப் படிப்பில் மூழ்கினார். 1898இல் புதிய தனிமம் ஒன்றைக் கண்டுபிடித்தபோது அதற்கு பொலோனியம் என்று பெயர் வைத்தார். சங்கத்தை விட்டாரே தவிர நாட்டை விடவில்லை.

கேம்பிரிட்ஜ் மஜ்லிஸிலும் கதை ஏறக்குறைய இதுதான். தொடக்க காலத்தில் அதன் செயலாளராக இருந்தவர்களில் ஒருவர், கிங்ஸ் கல்லூரியில் படித்த அரவிந்த கோஷ். அங்கே அவர் பேசிய அனல் பேச்சுகள் அதிகாரிகளின் காதுக்குப் போயின, ஐ.சி.எஸ். பதவி கிடைக்காமல் போனதற்கு அவையும் ஒரு காரணம் என்று பின்னர் தமக்குத் தெரியவந்ததாக அவரே பதிவு செய்திருக்கிறார். குதிரையேற்றத் தேர்வுக்குப் போகாததுதான் வெளியே சொல்லப்பட்ட காரணம். அந்த அரவிந்தர் 1910இல் புதுச்சேரி வந்து, 1950இல் மறையும் வரை அங்கேயே இருந்தார் என்பது தமிழர்களுக்குத் தெரிந்த கதை.

எல்லா மஜ்லிஸ் கூட்டமும் அனல் பறந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1907 முதல் 1910 வரை டிரினிட்டி கல்லூரியில் படித்த ஜவஹர்லால் நேரு தம் சுயசரிதையில் அதைக் கொஞ்சம் கேலியாகவே நினைவுகூர்கிறார். விஷயத்தைவிட, பார்லிமென்ட் பாணியையும் யூனியன் விவாத மேடையின் அங்க அசைவுகளையும் காப்பியடிப்பதில்தான் எல்லோருக்கும் அக்கறை என்கிறார். வங்கத் தலைவர் விபின் சந்திர பால் ஒருமுறை கேம்பிரிட்ஜ் வந்தார். ஒரு சின்ன அறையில் பத்துப் பன்னிரண்டு மாணவர்கள். அவரோ பதினாயிரம் பேர் கூடிய மைதானத்தில் முழங்குவதுபோல முழங்கினாராம்; அந்தச் சத்தத்தில் என்ன பேசினார் என்பதே நேருவுக்குப் பிடிபடவில்லை. அந்த நேருவும் அன்று கூச்ச சுபாவக்காரர். அவருடைய கல்லூரியின் விவாத மன்றத்தில் ஒரு பருவம் முழுக்க வாய் திறக்காத உறுப்பினருக்கு அபராதம் உண்டு. அவர் பலமுறை அபராதம் கட்டியவர்.

லண்டனில் விவகாரம் வேறு மாதிரி போனது. 1905இல் ஹைகேட் பகுதியில் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா 'இந்தியா ஹவுஸ்' என்ற மாணவர் விடுதியைத் திறந்தார். வெள்ளைக்கார வீடுகளில் அறை கிடைக்காமல் திண்டாடிய இந்தியப் பையன்களுக்குப் படுக்கை, சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். விடுதி என்று தொடங்கியது சில ஆண்டுகளில் புரட்சிக்காரர்களின் பாசறையானது. திருச்சி வரகனேரியிலிருந்து பாரிஸ்டர் பட்டத்துக்குப் போன வ.வே.சு. ஐயர், திருவல்லிக்கேணிக்காரரான எம்.பி.டி. ஆச்சார்யா, ஸ்ரீரங்கத்து ராஜன் என்று தமிழ்நாட்டுக்காரர்கள் பலர் அங்கே இருந்தார்கள். ஆச்சார்யா பிறகு பல நாடுகள் சுற்றி, 1920இல் தாஷ்கண்டில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சி அமைக்கப்பட்டபோது அங்கும் இருந்தார். ஒரு ஹாஸ்டல் சாப்பாட்டு மேஜையிலிருந்து எவ்வளவு தூரம்!

1909 ஜூலை 1ஆம் தேதி இரவு லண்டனில் ஒரு விருந்து. இந்திய மாணவர்களும் ஆங்கிலேயரும் கலந்து பழகட்டும் என்று தேசிய இந்தியச் சங்கம் என்ற அமைப்பு நடத்தியது. விருந்து முடியும் வேளையில் மதன்லால் திங்ரா என்ற பொறியியல் மாணவர், இந்திய அமைச்சகத்தின் அதிகாரி கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். ஆகஸ்டில் திங்ரா தூக்கிலிடப்பட்டார். இந்தியா ஹவுஸும் மூடுவிழா கண்டது. அதற்குப் பின் இந்திய மாணவர்கள் எங்கே கூடினாலும் பக்கத்து மேஜையில் ஒற்றன் உட்கார்ந்திருக்கிறானா என்று பார்க்கவேண்டிய நிலை. மாணவர்களுக்கு உதவி செய்ய என்று அரசாங்கம் திறந்த தகவல் அலுவலகத்தையும் பையன்கள் வேவு பார்க்கும் இடமாகவே நினைத்தார்கள். முதலில் சொன்ன விஜயதசமி விருந்து நடந்தது இந்தப் பதற்றத்துக்கு நடுவில்தான்.

ஐயர் 1910இல் மாறுவேடம் பூண்டு தப்பி, கடல் வழியே புதுச்சேரி வந்தார். வழியில் துப்பறிவாளர் ஒருவர் அவருடைய பெட்டியில் இருந்த வி.வி.எஸ். என்ற எழுத்துகளைக் காட்டிக் கேட்க, "வீர விக்ரம் சிங்" என்று அவர் சமாளித்ததாக ஒரு கதை தமிழ்நாட்டில் வெகுகாலமாகச் சொல்லப்பட்டு வருகிறது.

அந்த விஜயதசமி விருந்தில் அரசியலை ஒதுக்கிவிட்டுப் பந்தியை மட்டும் பார்த்தால் இன்னொன்று தெரியும். குஜராத்தி பனியா ஒருவர் கழுவிய பாத்திரத்தில், ஸ்ரீரங்கத்து ஐயங்கார் பையன் சமைத்ததை, வேறு வேறு மாகாணத்து, வேறு வேறு சாதிப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். 1909இல் அவரவர் ஊரில் இது நடந்திருக்குமா? தமிழ்நாட்டில் அக்ரகாரத்துச் சமையலறைக்குள் வேற்றுச் சாதியார் நுழைவதே முடியாத காலம் அது. கடல் தாண்டுவதே பாவம், திரும்பி வந்தால் பிராயச்சித்தம் என்று இருந்தது. அந்தக் கடலைத் தாண்டிய பிறகுதான் இந்தப் பந்தி சாத்தியமாயிற்று.

ஊரில் சங்கம் என்றால் பிறப்பால் வருவது. பழவேற்காடு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மீனவக் கிராமங்களில் 'பாடு' என்றொரு முறை இன்றும் பேசப்படுகிறது. ஏரியில் இறால் பிடிக்க எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். சண்டை வராமல் பங்கிட இதைவிட நல்ல ஏற்பாடு சுலபத்தில் கிடைக்காது. ஆனால் அந்த முறையில் இடம் கிடைக்க அந்தக் குப்பத்துப் பட்டினவர் சாதிக் குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும். வெளியார் ஏரியில் இறங்கியபோது தகராறு வந்து வழக்குவரை போயிருக்கிறது. அதே பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிக்கொண்ட டச்சு வணிகர்களும் தங்கள் வட்டத்தோடுதான் வாழ்ந்து, அங்கேயே தனிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார்கள். அவர்களிடம் பீரங்கி இருந்தது. லண்டனுக்குப் போன சென்னைப் பையனிடம் இருந்தது வாடகை அறையும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும்தான். அவன் யாரோடு சேர்ந்து சாப்பிடுவது என்பதைப் பிறப்பு தீர்மானிக்கவில்லை, பசி தீர்மானித்தது.

இதை ரொம்பவும் கொண்டாடிவிடவும் முடியாது. அதற்கு சாட்சி வ.வே.சு. ஐயரே. 1920களின் தொடக்கத்தில் அவர் திருநெல்வேலிச் சீமையில் நிறுவிய சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போடப்படுகிறது என்று தெரிந்தபோது தமிழ்நாடே கொதித்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் போர்க்கொடி தூக்கினார்கள். பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறியதற்குப் பின்னால் இருந்த கசப்புகளில் இதுவும் ஒன்று. 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார். லண்டனில் எல்லோரோடும் பந்தியில் உட்கார்ந்த மனிதர் சேரன்மாதேவியில் இரண்டு பெற்றோரின் பிடிவாதத்தை மீற முடியாமல் போனார். வெளிநாட்டில் கற்றுக்கொண்ட பந்தி, கப்பலில் திரும்பி வரும்போது கூடவே வந்துவிடுவதில்லை.

சங்கம், கூட்டம் எதிலும் பெரிதாக ஒட்டாமல் தனிக்கட்டையாக இருந்தவர்களும் உண்டு. அவர்களில் உலகப் புகழ் பெற்றவர் கும்பகோணத்து ராமானுஜன். 1914 மார்ச் 17ஆம் தேதி சென்னையில் 'நெவாசா' கப்பல் ஏறி ஏப்ரலில் இங்கிலாந்து சேர்ந்தார். நான்கு மாதத்துக்குள் முதல் உலகப் போர் மூண்டது. சுத்த சைவர். கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தை நம்பாமல் தம் அறையிலேயே சமைத்துக்கொண்டார். அவரைப் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர் கிங்ஸ் கல்லூரியில் படித்த வங்காளி, பி.சி. மகாலனோபிஸ். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைப் பின்னாளில் தொடங்கியவர். குளிரில் நடுங்குகிறேன் என்று ராமானுஜன் சொன்னபோது, படுக்கையறைக்குப் போய்ப் பார்த்தார் மகாலனோபிஸ். கம்பளிகள் மெத்தையோடு ஒழுங்காகச் செருகி வைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குள் நுழைந்து படுக்கவேண்டும் என்று யாரும் சொல்லித் தராததால் ராமானுஜன் மேலேயே படுத்து, கோட்டைப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறார். கணிதத்தில் யாருக்கும் தெரியாததைக் கண்டுபிடித்தவருக்குப் படுக்கை விரிப்பின் சூட்சுமம் தெரியவில்லை. இன்று வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கு மூத்த மாணவர்கள் முதல் வாரத்தில் சொல்லிக் கொடுப்பதெல்லாம் இந்த ரகம்தான்: ஹீட்டரை எப்படிப் போடுவது, எந்தக் கடையில் பொன்னி அரிசி, தாளிக்கும்போது புகை அலாரம் அலறினால் எந்த ஜன்னலைத் திறப்பது.

ராமானுஜன் வீட்டு விருந்து ஒன்றும் பிரபலம். ஞானேஷ் சந்திர சட்டர்ஜி என்ற நண்பருக்குத் திருமணம் நிச்சயமானதைக் கொண்டாட அவரையும், மணப்பெண்ணையும், இன்னொரு பெண்மணியையும் அழைத்துத் தம் கையாலேயே சமைத்துப் பரிமாறினார். ரசம் ஊற்றினார், மறுபடி ஊற்றினார். மூன்றாவது முறை பெண்கள் இருவரும் போதும் என்று மறுத்துவிட்டார்கள். பேச்சு தொடர்ந்தது. சற்று நேரத்தில் பார்த்தால் வீட்டுக்காரரைக் காணோம். தேடிக் களைத்தார்கள். மனம் நொந்து அவர் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்விட்டது பிறகுதான் தெரிந்தது. சில நாள் கழித்துத்தான் திரும்பினார். நம் ஊரில் விருந்தாளி போதும் என்றால் இன்னும் கொஞ்சம் என்று வற்புறுத்துவது மரியாதை. அவ்வளவு தூரத்தில், அவ்வளவு தனிமையில், அந்த ஒரு கரண்டி ரசத்துக்கு எவ்வளவு கனம் ஏறியிருந்திருக்க வேண்டும்!

இந்தத் தனிமைக்கு முறையாக ஓர் ஏற்பாடு செய்தவரும் தமிழ்நாட்டுக்காரர்தான். சேலத்தில் பிறந்த கே.டி. பால், ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் தேசியச் செயலாளர். 1920இல் லண்டனில் இந்திய மாணவர் சங்கத்தையும் விடுதியையும் நிறுவினார். சாப்பாட்டுக் கூடம், சொற்பொழிவு, வாசிப்பறை. இன்றும் லண்டன் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் இந்தியன் ஒய்.எம்.சி.ஏ. என்ற பெயரில் நடக்கிறது. அங்கே மத்தியானம் மலிவான கறிச் சோற்றுக்கு வெள்ளைக்காரர்களும் வரிசையில் நிற்பார்கள். சதித்திட்டம் எதுவும் தீட்டாமல், கூட்டம் கூட்டமாகச் சோறு போட்டே நூறு ஆண்டு நிலைத்துவிட்ட அமைப்பு இது. பேசப்பட்ட சங்கங்களைவிட இதைத்தான் முதலில் பாராட்டத் தோன்றுகிறது.

1930களில் நிறம் மாறியது. மஜ்லிஸ்களில் இடதுசாரிக் காற்று. சென்னை மாகாண முதல்வராக இருந்த பி. சுப்பராயனின் மகன் மோகன் குமாரமங்கலம் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் படித்து, 1938இல் பல்கலைக்கழகத்தின் யூனியன் தலைவரானார். தங்கை பார்வதி ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். லண்டன் மஜ்லிஸின் செயலாளராக இருந்தவர் ஜோதி பாசு. ஜமீன் வீட்டுப் பிள்ளைகளும் பாரிஸ்டர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் புரட்சியைப் பேசிக்கொண்டு கப்பல் ஏறித் திரும்பினார்கள். மோகன் சிறைக்குப் போனார், தலைமறைவாக இருந்தார், கடைசியில் இந்திரா காந்தியின் அமைச்சரவையில் அமைச்சரானார், 1973 விமான விபத்தில் இறந்தார். பார்வதி, இங்கிலாந்தில் படித்த என்.கே. கிருஷ்ணனை மணந்து, கோவைத் தொழிலாளர்களின் எம்.பி. ஆனார். கல்யாணத்துக்கு வரன் பார்ப்பதையும் மாணவர் சங்கங்கள் சத்தமில்லாமல் செய்து வந்திருக்கின்றன. இன்றும் செய்கின்றன, கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சங்கம் இல்லாத காலத்தில் போன ஒருவரையும் இங்கே சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த பொன்னம்பலம் அருணாசலம் 1870களில் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் படித்தபோது மஜ்லிஸ் பிறந்திருக்கவில்லை. கூடிப் பேச ஊர்க்காரர்கள் இல்லை. அவருக்கு அங்கே வாய்த்த நண்பர் எட்வர்ட் கார்ப்பென்டர் என்ற ஆங்கிலேயர். நட்பு ஆயுள் முழுக்கத் தொடர்ந்தது. கார்ப்பென்டர் 1890இல் இலங்கைக்கு வந்து, திரும்பிப் போய் இலங்கையையும் இந்தியாவையும் பற்றி ஒரு பயண நூலே எழுதினார். சொந்த வட்டம் கைகொடுக்கும், சரி. சில பிள்ளைகள் மூன்று வருடமும் அந்த வட்டத்தைத் தாண்டாமலேயே பட்டம் வாங்கித் திரும்பிவிடுகிறார்கள். ஒரு வெளிநாட்டு நண்பரும் இல்லாமல் வெளிநாட்டில் படித்துவிட்டு வருவது வாங்கிய கல்விக் கடனுக்கு நியாயமாகாது.

இரண்டாம் உலகப் போரில் போலந்து மாணவர்களுக்கு நேர்ந்தது தனிக்கதை. நாட்டை ஹிட்லரும் ஸ்டாலினும் பங்கு போட்டார்கள், பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. ஸ்காட்லாந்துக்குத் தப்பி வந்த போலந்துப் படையில் பாதிப் படிப்பில் நின்ற மருத்துவ மாணவர்கள் ஏராளம். 1941 மார்ச்சில் எடின்பரோ பல்கலைக்கழகம் அவர்களுக்காகப் போலந்து மருத்துவப் பள்ளியைத் திறந்தது. தங்கள் பேராசிரியர்களிடம், தங்கள் மொழியிலும் படிக்கலாம். 1949இல் அது மூடப்படும்வரை 336 பேர் சேர்ந்தார்கள், 227 பேர் மருத்துவரானார்கள். பலர் திரும்பிப் போக முடியவில்லை. இன்று பிரிட்டனின் போலந்து மாணவர் சங்கங்கள் டிசம்பரில் 'விகிலியா' விருந்து வைக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, பன்னிரண்டு வகைப் பதார்த்தம். மேஜையில் ஒரு தட்டு மட்டும் காலியாக வைக்கப்படும். அழையாமல் வரும் விருந்தாளிக்கு. நம் பொங்கல் விருந்திலும் சேர்த்துக்கொள்ளத்தக்க பழக்கம்.

ஈழத்தமிழ் மாணவர்கள் பெருமளவில் பிரிட்டனுக்குப் போகத் தொடங்கியதற்குக் காரணம் பசியோ ஆசையோ மட்டும் இல்லை. 1970களின் தொடக்கத்தில் இலங்கை அரசு பல்கலைக்கழக அனுமதியில் 'தரப்படுத்தல்' கொண்டுவந்தது. அதே பரீட்சையில் தமிழ் மாணவர் கூடுதல் மதிப்பெண் எடுத்தால்தான் இடம். கதவு சாத்தப்பட்ட பிள்ளைகளில் வசதியுள்ளவர்கள் லண்டனுக்குப் போனார்கள். அங்கேதான் 1975இல் ஈரோஸ் என்ற ஈழப் புரட்சிகர மாணவர் அமைப்பு உருவாயிற்று. பெயரில் மாணவர் என்று இருந்த அமைப்பு சில ஆண்டுகளில் ஆயுத இயக்கமானது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு மாணவர்களோடு குடும்பங்களும் வந்தன.

அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள்தான் இன்று லண்டன் கல்லூரிகளில் தமிழ்ச் சங்கம் நடத்துகிறார்கள். பிறந்தது ஹாரோவிலோ டூட்டிங்கிலோ. இம்பீரியல், யு.சி.எல்., கிங்ஸ், குவீன் மேரி என்று பல இடங்களிலும் இச்சங்கங்கள் உண்டு. கனடாவில் டொரொன்டோ, யார்க் பல்கலைக்கழகங்களிலும் அப்படியே. நடைமுறை எளிது. மாணவர் யூனியனில் பதிவு செய்ய ஓர் அமைப்பு விதி, குறைந்தபட்ச உறுப்பினர்கள், தலைவர், செயலாளர், பொருளாளர். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ புதுமுக மாணவர் சந்தை நடக்கும். சதுரங்க மன்றத்துக்கும் படகு மன்றத்துக்கும் நடுவில் தமிழ்ச் சங்கமும் ஒரு மேஜை போட்டு, முறுக்குத் தட்டை வைத்துக்கொண்டு ஆள் பிடிக்கும். சந்தா சில பவுண்டுகள்தான். ஜனவரி 14இல் பாதிப் பேருக்குப் பரீட்சை என்பதால் பொங்கல் பெரும்பாலும் ஜனவரி கடைசிக்கோ பிப்ரவரிக்கோ தள்ளிப் போகும். கூடத்துக்குள் அடுப்பு மூட்டத் தீயணைப்பு விதி இடம் தராது. மின்சார அடுப்பில் பொங்கிவிட்டு "பொங்கலோ பொங்கல்" என்று கூவுவார்கள். வருடத்துக்கொரு பெரிய கலை நிகழ்ச்சி. சீட்டு விற்ற காசு வடக்கு கிழக்கு இலங்கையில் ஒரு பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ போகும்.

2009 ஏப்ரலில் இலங்கையின் வன்னியில் போர் உச்சத்தில் இருந்தபோது லண்டன் பார்லிமென்ட் சதுக்கத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்த கூட்டத்தில் இந்த மாணவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். நடனப் பயிற்சிக்கு ஆள் சேர்த்த அதே தொலைபேசி எண்களில்தான் மறியலுக்கும் ஆள் திரட்டப்பட்டது.

முதுகலை படிக்க நேரே சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வரும் பையனுக்கு இந்தச் சங்கத்தில் முதல் மாதம் கொஞ்சம் திகைப்புதான். இவன் தமிழில் பேசினால் அவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். அவர்கள் வீட்டுத் தமிழில் "எப்பிடி சுகம், மச்சான்?" என்று கேட்டால் இவனுக்குச் சினிமாவில் கேட்ட மாதிரி இருக்கிறது. ஒரு பக்கம் தோசைக்கு ஏக்கம், மறுபக்கம் புட்டுக்கும் சம்பலுக்கும் ஏக்கம். சிலர் விலகி இந்தியச் சங்கத்துக்கோ வாட்ஸ்அப் குழுவுக்கோ போய்விடுகிறார்கள். ஒட்டிக்கொண்டவர்கள் ஒரே மொழியின் இரண்டு கரைகளையும் ஒருசேரக் கற்றுக்கொள்கிறார்கள். ஊரில் இருந்திருந்தால் அவர்கள் சந்தித்திருக்கவே மாட்டார்கள்.

மலேசியாவில் நிலைமை வேறு. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை சொந்த நாட்டிலேயே இயங்கும் சங்கம். 1956இல் அங்கே இந்திய ஆய்வியல் துறை தொடங்கியது. 1966இல் தனிநாயகம் அடிகளின் முயற்சியில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. பேரவை மாணவர்கள் நடத்தும் சிறுகதைப் போட்டியில் தேறிய கதைகள் 'பேரவைக் கதைகள்' என்று தொகுப்புகளாக வருகின்றன. மலேசியத் தமிழ் எழுத்தாளர் பலருக்கு அதுதான் முதல் மேடை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவைக்கு 'சங்கே முழங்கு' என்ற மேடை நாடகம் அடையாளமாகிவிட்டது. கொண்டாட்டத்தோடு நின்றுவிடாமல் ஏதாவது ஒன்றைப் படைத்த சங்கங்கள்தான் பேர் சொல்ல நிற்கின்றன.

2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தபோது அங்கே மருத்துவம் படித்த ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் உட்பட, பனியில் நடந்து எல்லைகளுக்கு வந்தார்கள். பலர் வந்து சேர்ந்தது போலந்து எல்லை. 'ஆபரேஷன் கங்கா' மூலம் சுமார் 22,500 இந்தியர்கள் திரும்பினார்கள். எந்த ரயில் ஓடுகிறது, எந்த எல்லையில் கூட்டம் குறைவு, யாரிடம் தண்ணீர் இருக்கிறது என்ற செய்திகள் ஓடியது மாணவர்களின் சொந்தக் குழுக்களில்தான். அதுவரை ஓணத்துக்கும் பொங்கலுக்கும் சினிமாவுக்கும் பயன்பட்ட குழுக்கள்.

இத்தனைக்கும் இந்தச் சங்கங்களின் வரலாறு எழுதப்படுவது அபூர்வம். மூன்று வருடத்தில் கமிட்டி முழுக்க மாறிவிடும். நான்காவது வருடம் பழைய கணக்கு நோட்டும் போட்டோவும் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மலாயாவில், கொழும்பில், லண்டனில், எடின்பரோவில் படித்துத் திரும்பிய தாத்தா பாட்டி வீட்டுப் பரணில் ஒரு விழா அழைப்பிதழோ, ஆண்டு மலரோ, குழுப் படமோ கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது; ஈழத்து ஆவணம் என்றால் நூலகம் நிறுவனத்தின் மின்னூலகம் இருக்கிறது. படத்தின் பின்பக்கம், யார் யார் நிற்கிறார்கள் என்று பென்சிலால் எழுதிக் கொடுங்கள்.